வேனில் நடந்த கர்நாடகப் போர்

குன்னத்தூர்ப் பக்கமிருந்து ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்கு ஆள் ஏற்றிவரும் பனியன் கம்பெனி வேன்களில் காலை நேரத்தில் பாட்டு அலறும். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பாட்டோடு தூங்குவார்கள். மீதிப் பேர் பாட்டுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவார்கள். வெள்ளியங்கிரி ஓட்டிய வேனும் அப்படித்தான் இருந்தது. அவர் பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்த வருடத்தில்தான் அது மாறியது.

அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பத்தாவது முடித்த கோடையில் அவருடைய அப்பா கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மூத்த பையன் என்பதால் இவர் வேலைக்குப் போனார். முதலில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை, பிறகு லாரியில் கிளீனர், பிறகு லைசென்ஸ், பிறகு இந்த வேன். படிப்பு நின்றுபோனதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்ப நேரம் கிடைத்ததில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஒருநாள் காலை ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் வேன் நின்றது. கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. வெள்ளியங்கிரியின் இடது கால் கிளட்சுக்கு எழும்பவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வலி. வேனில் இருந்த சசிகுமார் இறங்கிவந்து அவரை மெல்லப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு வண்டியைக் கம்பெனி வரைக்கும் ஓட்டினான். சசிகுமார் ஓவர்லாக் டெய்லர். கார் மட்டும்தான் ஓட்டிப் பழக்கம். அன்றைக்கு வேனில் யாரும் தூங்கவில்லை.

திருப்பூரில் எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. பெல்ட் போடலாம், பயிற்சி செய்யலாம், மாத்திரை சாப்பிடலாம், ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும் என்றார்.

கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர் பிரபாகர் நல்ல மனிதர். வெள்ளியங்கிரியை உட்காரவைத்துப் பேசினார். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் இன்னும் இரண்டு வருடத்தில் ரிடயர் ஆகிறார், வண்டி வழித்தடமெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி, ஆனால் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் அனுப்புகிற ஆடிட்டர்கள் எல்லோருடைய ஃபைலையும் புரட்டிப் பார்க்கிறார்கள், அந்த வேலைக்குப் பிளஸ் டூ என்று எழுதிவைத்திருக்கிறது என்றார். “நீங்க அதை மட்டும் முடிச்சுட்டு வந்துருங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க.”

வெள்ளியங்கிரி இதை வீட்டில் ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார். அவர் மனைவி நிர்மலா மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அப்போது தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கூட எடுக்காமல், “அப்பொ படிங்க” என்றார். “வரலாறு இருக்கற குரூப்பா எடுங்க. கணக்கு உங்களுக்கு ஆகாது. கதைன்னா நீங்க மறக்க மாட்டீங்க.”

அந்த யோசனை பாதி சரி, பாதி தப்பு என்பது பிறகு தெரிந்தது.

தனித்தேர்வராகப் பதிவு செய்துவிட்டுப் புத்தகங்களை வாங்கினார். காலையில் ஆட்களை இறக்கியபின் சாயங்காலம் வரைக்கும் வேன் கம்பெனிச் சுவரோரம் வேப்பமரத்தடியில் நிற்கும். முன்பு அந்த நேரத்தில் மற்ற டிரைவர்களோடு சீட்டாடுவார். இப்போது பின்சீட்டில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, முதுகுக்குத் துணி மூட்டை ஒன்றை அண்டக்கொடுத்து, புத்தகத்தை விரித்தார். தமிழ் பிடிபட்டது. பொருளியலில் பாதி, பேப்பர் படித்த பழக்கத்திலேயே புரிந்தது. வரலாற்றில் சிந்துவெளியும் சோழர்களும் சுகமாகவே போயின. ஐரோப்பியர்கள் கப்பலில் வந்து இறங்கிய பாடத்தில்தான் வண்டி சேற்றில் மாட்டியது.

போர்ச்சுகீசியர் வரைக்கும் பரவாயில்லை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கும் டேனியர்கள் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர், ஐதராபாத் நிஜாம் பதவிக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவனுக்கு பிரெஞ்சுக்காரன் துணை, இன்னொருவனுக்கு ஆங்கிலேயன் துணை என்று கர்நாடகப் போர்கள் வந்தபோது யார் யாருடைய ஆள் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. அன்வாருதீன், முகமது அலி, சந்தா சாகிப், முசாபர் ஜங், நாசிர் ஜங். காலையில் படித்தால் மத்தியானம் ஒருவர் தலை இன்னொருவர் உடம்பில் இருந்தது.

வண்டி ஓட்டும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவருக்கு நேர் பின்சீட்டில் உட்காருகிற அனிதாவுக்கு அது கேட்டது. அனிதா செக்கிங் செக்ஷனில் வேலை செய்பவள். தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

“ஏனுங்ண்ணா, யாரையோ திட்டிக்கிட்டே வர்றீங்க?”

வெள்ளியங்கிரி வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வேனில் சிரிப்பு எழுந்தது. அனிதா மட்டும் சிரிக்கவில்லை. முணுமுணுத்தால் எப்படி ஏறும், சத்தமாகச் சொல்லுங்கள், எங்களுக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரிந்த மாதிரி என்றாள். கையை நீட்டிப் பாட்டை நிறுத்தியது அவள்தான்.

முதல் நாள் அவர் புத்தக வாக்கியத்திலேயே சொன்னார். “கம்பெனி சென்னையில் ஒரு கோட்டையைக் கட்டியது” என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருத்தர், எந்தக் கம்பெனி, நிட்டிங்கா டையிங்கா என்று கேட்டார். திருப்பூரில் கம்பெனி என்றால் வேறு என்ன. வெள்ளியங்கிரியே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை விட்டுவிட்டுத் தன் பேச்சில் சொல்லத் தொடங்கினார்.

பெயர்கள் மட்டும் பிடிபடவில்லை. அதற்கும் அனிதாவே வழி சொன்னாள். வேனில் இருப்பவர்களுக்கே அந்தப் பெயர்களை வைத்துவிடலாம் என்றாள். இஸ்திரி மாஸ்டர் சென்னியப்பன் வயதில் பெரியவர், அதனால் அன்வாருதீன். அவர் பக்கத்தில் உட்காரும் பேட்லாக் டெய்லர் மகன் முறை என்பதால் அன்வாருதீனின் மகன் முகமது அலி. எப்போது பார்த்தாலும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிற சசிகுமார்தான் சந்தா சாகிப். இப்படிச் செய்ததும் வெள்ளியங்கிரிக்கு எல்லாம் தெளிவானது. முன்கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தால் போர் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது.

பெயர் வேனோடு நிற்கவில்லை. ஓவர்லாக் லைனில் சசிகுமாரை எல்லோரும் சந்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆம்பூர்ச் சண்டையில் அன்வாருதீன் செத்துப்போனதைக் கேட்டுச் சென்னியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார், வயதானவர், போனால் போகட்டும் என்றார். ஆனால் சந்தா சாகிப் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டதைச் சொன்ன அன்று சசிகுமார் முகம் தொங்கிப்போய்விட்டது. சாயங்காலம் வேனில் ஏறும்போது, வேறு ஏதாவது நல்ல ஆள் பாக்கி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டான். அவனை ராபர்ட் கிளைவ் ஆக்கினார்கள். அவன் அதற்கும் சம்மதித்தான். பிறகு கிளைவ் செய்த காரியங்களைக் கேட்டுவிட்டு சந்தா சாகிப்பே தேவலை என்று திரும்பிப்போனான்.

எல்லா நாளும் வேடிக்கையாகவே போகவில்லை. ஐரோப்பியர்கள் எதற்காக வந்தார்கள் என்ற பாடம் ஒருநாள் வந்தது. மிளகுக்கு வந்தவர்கள் பிறகு துணிக்காகவே கடற்கரை முழுவதும் கடை விரித்தார்கள் என்று வெள்ளியங்கிரி சொன்னார். சென்னியப்பன் தறிக் குடும்பத்துக்காரர். அவர் சின்ன வயதிலேயே வீட்டில் தறி போய்விட்டது, ஆனால் வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பது போகவில்லை.

“அப்பவும் துணிக்குத்தான் வந்திருக்காங்க,” என்றார் அவர். “இப்ப நம்ம கம்பெனிக்கு வர்ற பையரும் அதே ஊர்க்காரங்கதானுங்களே. டச்சு, பிரெஞ்சு, டென்மார்க்கு, இங்கிலாந்து. அட்டைப்பெட்டியில நானே பாக்கறேன்.”

அவர் அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. நெசவாளர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று மட்டும் கேட்டார். மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதையும், தறி நின்றுபோன ஊர்களையும் பற்றிப் புத்தகத்தில் இருந்ததை வெள்ளியங்கிரி சொன்னார். அன்றைக்குச் சென்னியப்பன் வேனை விட்டு இறங்கும்போது, நல்லாப் படிங்க சாமி, இதையெல்லாம் யாராவது ஒருத்தர் தெரிஞ்சு வெச்சிருக்கோணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேனில் கடைசி சீட்டில் சபினா என்றொரு பெண் உட்காருவாள். வங்காளத்திலிருந்து கணவனோடு வந்து ஊத்துக்குளி ஸ்டேஷன் பக்கம் வீடு எடுத்திருந்தாள். வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேசுகிற அளவுக்குத் தமிழ் வரும். ஆனால் பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது. வேனில் அவளுக்கு ‘இந்திக்காரம்மா’ என்று பெயர். தனக்கு இந்தி சரியாக வராது, தன்னுடைய மொழி வங்காளி என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளியங்கிரி வங்காளத்து நவாப் சிராஜ் உத்தௌலாவின் கதைக்கு வந்தபோது அவள் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். கிளைவ் நவாபின் தளபதியை ரகசியமாக வளைத்துப்போட்டான், அந்தத் தளபதியின் பெயர் மீர் ஜாபர் என்றதும் நிமிர்ந்தாள்.

“அண்ணா,” என்று கடைசி சீட்டிலிருந்து கூப்பிட்டாள். “மீர்ஜாபர் கெட்ட பேச்சு. எங்க ஊர்ல ஒருத்தன் கூட இருந்தே ஏமாத்தினா, அவனை மீர்ஜாபர்னு திட்டுவாங்க.”

வேன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் அவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி அவர்கள் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் ஓவர்டைம் போட்ட லைன் சூப்பர்வைசருக்கு இந்தப் பெயர் பொருந்தும் என்று அனிதா உடனே முடிவு செய்தாள். அந்தச் சண்டை எங்கே நடந்தது என்று சபினா கேட்டாள். பிளாசி என்றார் வெள்ளியங்கிரி. அவளுக்குப் புரியவில்லை. அவர் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பலாசி என்றதும் அவள் கையைத் தட்டினாள்.

“பொலாஷி! அண்ணா, அது எங்க ஸ்டேஷன். நான் ரயில் ஏறுற ஸ்டேஷன்.”

வெள்ளியங்கிரிக்கு அன்று முழுவதும் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் படித்ததெல்லாம் புத்தகத்துக்குள்ளேயே நடந்தது மாதிரிதான் அதுவரை இருந்தது. அந்த ஊரில் ஒரு பெண் துணிப்பையோடு ரயிலுக்குக் காத்திருந்து, ஏறி, இரண்டு நாள் பயணம் செய்து வந்து தன் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் சபினா தன் தம்பியிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். வேன் வரும் நேரத்தில் அவன் வீடியோ கால் போட்டான். வெள்ளியங்கிரி வண்டியை ஓரம் கட்டினார். எல்லோரும் ஒரு சின்ன ஃபோனைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். கரும்புக் காடு. மண் பாதை. சைக்கிளில் போகிற ஒரு பெரியவர். அப்புறம் திறந்த வெளியில் ஒரு வெள்ளைத் தூண். அவ்வளவுதான். அன்றைய மாந்தோப்பெல்லாம் போய்விட்டது, ஆறும் தடம் மாறிவிட்டது என்று தம்பி சொன்னதைச் சபினா தமிழில் சொன்னாள். நம்மூர்க் காடு மாதிரியேதான் இருக்குது என்றாள் அனிதா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு அவளே, ஃபோனில் எட்டிப் பார்த்த சபினாவின் அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

அன்று எல்லோருக்கும் லேட் பஞ்ச் விழுந்தது. அந்த நாளிலிருந்து ‘இந்திக்காரம்மா’ என்ற பெயர் ஒழிந்தது. சபினா முன் வரிசைக்கு வந்துவிட்டாள்.

மார்ச்சில் பரீட்சை வந்தது. வரலாற்றுத் தாளைக் கையில் வாங்கியதும் வெள்ளியங்கிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கர்நாடகப் போர் வந்திருந்தது. அவர் எழுதினார். நவாபுகளின் குணத்தை எழுதினார், பிரெஞ்சு கவர்னர் டியூப்ளே போட்ட திட்டத்தை எழுதினார், ஆற்காட்டு முற்றுகையை வேனில் சொன்ன மாதிரியே எழுதினார். கூடுதல் தாள் கேட்டு வாங்கினார். மணி அடித்தபோது பின்பகுதியில் பல கேள்விகளைத் தொடவே இல்லை.

ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தார். வரலாற்றில் தேறவில்லை.

மறுநாள் காலை வேனில் ஏறியவர்களைப் பாட்டுச் சத்தம் வரவேற்றது. கேட்காமலே எல்லோருக்கும் புரிந்தது. ஊத்துக்குளி தாண்டும் வரைக்கும் அப்படியே போனது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. முதுகு வலியும் அந்த மாதம் கூடியிருந்தது. வேனிலிருந்து இறங்க இரண்டு கையாலும் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பத்துமூன்று வயதில் எதற்கு இந்த ஆசை, ஊரைக் கூட்டிச் சொல்லி அசிங்கப்பட்டதுதான் மிச்சம் என்று வீட்டில் நிர்மலாவிடம் சொல்லியிருந்தார். நிர்மலாவோ துணைத் தேர்வுக்கு என்றைக்குள் பதிய வேண்டும் என்பதை மட்டும் விசாரித்துவைத்திருந்தார்.

ஊத்துக்குளி தாண்டியதும் அனிதா எழுந்து பாட்டை நிறுத்தினாள்.

“மார்க்கு போயிருச்சுங்க. எங்களுக்குக் கதையும் போகோணுங்களா?”

“கதையாலதான் அம்மிணி மார்க்கு போச்சு,” என்றார் அவர்.

வேனில் சத்யப்பிரியா என்றொரு பெண்ணும் வருவாள். கம்பெனி ஆபீஸில் எக்ஸ்போர்ட் பேப்பர்கள் தயார் செய்கிற வேலை. பி.காம். படித்தவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஒரு போரையும் விடாமல் கேட்டிருந்தாள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம் என்று சொன்னது அவள்தான். வெள்ளியங்கிரிக்கு அதில் விருப்பமில்லை. சசிகுமார் அவரைப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனான்.

நகல் வந்ததும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேனில் வைத்து சத்யப்பிரியா அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். அனிதா சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்தில் இருந்தாள். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை என்றாள் சத்யப்பிரியா. பிரெஞ்சுக்காரர்களின் தோல்விக்கான காரணங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள், அண்ணன் போரையே நடத்திக் காட்டியிருக்கிறார், திருத்துகிறவர் தேடுகிற பாயின்ட் எல்லாம் உள்ளே எங்கோ புதைந்து கிடக்கிறது, கடைசிப் பக்கங்கள் காலி என்றாள். சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது.

அனிதா டப்பாவை மூடினாள்.

“பையரு ‘எம்’ சைஸ் கேட்டாரு. துணி அருமையா இருக்குதுன்னு நீங்க முழங்கால் வரைக்கும் வுட்டுத் தெச்சுட்டீங்க. செக்கிங்ல நானா இருந்தாலும் ரிஜெக்ட்தான் போடுவனுங்ண்ணா. துணி மேல தப்பு இல்லீங்க. அளவுதான்.”

வெள்ளியங்கிரி அந்தத் தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வேனின் முன்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு வேனில் வேறு மாதிரிப் போர் நடந்தது. கேள்வியை சத்யப்பிரியா கேட்பாள். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவர் பதிலை முடிக்க வேண்டும். பாயின்ட் பாயின்ட்டாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் விரல் மடக்குவார்கள். பேச்சு கிளை பிரிந்து டியூப்ளேயின் மனைவி பக்கம் போனால் சென்னியப்பன் தொண்டையைச் செருமுவார். வெள்ளியங்கிரிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. நல்ல கதையைக் கொத்திப் போடுவது போல இருந்தது. நாளாக ஆக அதிலும் ஒரு ருசி தெரிந்தது. ஒரு போரை ஐந்து வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால், எது இல்லாவிட்டால் அந்தப் போரே நடந்திருக்காது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்படி யோசித்தபோதுதான், பிரெஞ்சுக்காரன் கப்பலில் தோற்றான், கரையில் அல்ல என்பது அவருக்கு உண்மையாகவே விளங்கியது.

துணைத் தேர்வு ஜூலையில் வந்தது. அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனார். பஸ் குலுக்கிய குலுக்கில் முதுகு பிடித்துக்கொண்டது. பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் இடது கால் மரத்தது. ஒரு மதிப்பெண் கேள்விகளை எப்படியோ முடித்தார். அதற்கு மேல் முடியவில்லை. வியர்வை தாளில் சொட்டியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

அறைக் கண்காணிப்பாளராக இருந்த ஆசிரியை அருகில் வந்து என்ன என்று கேட்டார். வெள்ளியங்கிரி பெல்ட்டைக் காட்டினார். “நின்னுக்கிட்டு எழுதலாங்களா, டீச்சர்?” என்று கேட்டார். ஆசிரியை அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பின்சுவரோரம் இருந்த உயரமான மேசையைக் காட்டி, முதன்மைக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்தார். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகளும் தனித்தேர்வர்களும் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, வெள்ளியங்கிரி மட்டும் கடைசியில் நின்றபடி எழுதினார்.

பின்பகுதியில் தீரன் சின்னமலையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வெள்ளியங்கிரியுடைய அம்மாவின் ஊர், சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலைக்குப் பக்கம். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் கேட்ட கதை. புத்தகத்தில் இல்லாதது எவ்வளவோ அவரிடம் இருந்தது. பேனா தானாகவே நகரப் பார்த்தது. ஒரு நிமிடம் பேனாவை மூடிவைத்தார். கேள்வியை மறுபடி படித்தார். கேட்டதை மட்டும் எழுதினார். மைசூர்ப் படையோடு சேர்ந்தது, கம்பெனியை எதிர்த்து நடத்திய சண்டைகள், பிடிபட்டது, சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது. அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் கோட்டைப் போட்டபோது மனசு என்னவோ செய்தது என்று பிறகு நிர்மலாவிடம் சொன்னார்.

எல்லாக் கேள்விகளையும் எழுதிமுடித்தபோது மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. தாளைக் கொடுக்கும்போது அந்த ஆசிரியை கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லீங்க என்றார். அது பொய்தான்.

அந்த முறை தேறினார். பெரிய மார்க் இல்லை. வேனில் சாக்லேட் கொடுத்தது அவர் இல்லை, சசிகுமார். சந்தா சாகிப் செலவில் என்று சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தான். அடுத்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதினார். அந்த வருடத்து வரலாற்றில் காங்கிரஸும் காந்தியும் வந்தார்கள். ஆட்களுக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லாப் பாடங்களிலும் முதல் முறையிலேயே தேறினார். பிரபாகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பழைய சூப்பர்வைசர் ரிடயர் ஆன மாதத்தில் வெள்ளியங்கிரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் நாற்காலிக்கு வந்தார். உட்காரவும் எழவும் நடக்கவும் முடிகிற வேலை. டாக்டரும் திருப்தி என்றார்.

அவருடைய வழித்தடத்துக்கு முருகேஷ் என்ற புது டிரைவர் வந்தான். அந்த வேனில் இப்போது சில நாள் பாட்டு ஓடுகிறது. சில நாள் சபினா தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், அனிதா திருத்துகிறாள்.

வேலை மாறிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சங்ககிரிக்குப் போனார்கள். யோசனை யாருடையது என்று தெரியவில்லை, ஆளாளுக்குத் தன்னுடையது என்றார்கள். நிர்மலாவும் வந்திருந்தார். கன்று போட்ட மாட்டைப் பக்கத்து வீட்டு ராமாயியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்ததால், மலையேறும்போதும் இரண்டு தடவை ஃபோன் போட்டு விசாரித்தார்.

கோட்டைப் படிகள் செங்குத்தாக இருந்தன. வெள்ளியங்கிரியைக் கீழே உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, மெல்ல மெல்ல ஏறினார். உச்சி வரைக்கும் போக முடியவில்லை. பாதிக்கு மேலே ஒரு வாசலைத் தாண்டியதும் காற்று வீசுகிற இடமாகப் பார்த்து ஒரு கல்லில் அமர்ந்தார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு போலப் போய்க்கொண்டிருந்தன. ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது.

உச்சிக்குப் போய்த் திரும்பிய சபினா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னமலையைத் தூக்கில் போட்டது சரியாக எந்த இடத்தில், அண்ணா, என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி சுற்றிலும் பார்த்தார். மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று ஆளாளுக்குச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.

“தெரீலீங்க அம்மிணி. நான் படிச்ச புத்தகத்துல அந்த அளவுக்கு இல்லை. பி.ஏ. வரலாறு, தபால்ல படிக்கச் சேந்திருக்கறன். அதுல இருக்குதான்னு பாக்கோணும்.”

அவர் சேர்ந்த விஷயம் நிர்மலாவைத் தவிர யாருக்கும் அதுவரை தெரியாது. மேலே படியில் இறங்கிக்கொண்டிருந்த அனிதாவுக்கு அது கேட்டுவிட்டது. எத்தனை வருடப் படிப்பு என்று கேட்டாள். மூன்று என்றார். அப்படியானால் சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம் என்று அவள் கூடையைத் திறந்தாள். தக்காளி சாதம் கொஞ்சம் குழைந்திருந்தது. எல்லோரும் அந்தக் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.